தகரத்தில் ஒன்பது தட்டு

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் பிறந்து, இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் படித்துவிட்டுக் கோபப்பட உரிமை உள்ளவர்கள் நீங்கள்தான்.

கல்யாணமோ காரியமோ, நாம் நாலு பேர் கூடிவிட்டால் போதும். சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறீர்கள். அறுப்பின் பண்டிகையன்று நம் சபைக் கோயில் ஹாலில் கிட்டார் வாசித்த வெள்ளைக்காரப் பையன் விபத்து மணியைத் தட்டி, நம் அம்மாக்களை எல்லாம் ஷாஃப்டுக்கு ஓடவைத்த கதை. "நம்ம உசுரு அவனுக்கு வெளையாட்டு" என்று முடிப்பீர்கள். நானும் பக்கத்தில் காபியை ஆற்றிக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த மனிதரின் பெயர் நம் ஊரில் இப்படித்தான் கிடக்கிறது. அன்றைக்கு அதைத் தட்டியது அவர் இல்லை, நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா வைண்டர் டிரைவர் என்பது உங்களுக்குத் தெரியும். பூமிக்குள் கிணறுபோல் நேராக இறங்கும் ஷாஃப்டுக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜை மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். ஓட்டுகிற கேஜை அவர் பார்க்கவே முடியாது. அது பூமிக்குள் எங்கோ போய்க்கொண்டிருக்கும். மணிச்சத்தம் ஒன்றுதான் அவருக்கு வழி. ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள், பார்த்து. இருபது வருஷம் இதைக் கேட்டே பழகிய காது அவருக்கு.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அப்பா சாப்பிடும்போது பேச மாட்டார். தட்டின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டினால் அம்மா சோற்றை இறக்குவாள். ஒன்று தட்டினால் நிறுத்துவாள். வாசலில் விருந்தாளி தலை தெரிந்தால் நான் கதவில் மூன்று தட்டுவேன். அம்மா உள்ளே உலையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். விருந்தாளிக்கு ஒன்றும் தெரியாது, தனக்காகத்தான் முன்கூட்டியே சமைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு இப்படித் தட்டாகவே நடந்தது. நான் அ, ஆ எழுதுவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று அம்மா சொல்வாள்.

ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் வீட்டில் இடமில்லை. மும்மூன்றாக ஒன்பது. கீழே விபத்து என்று அர்த்தம். அதை ஷாஃப்ட் மேலிருந்த பெரிய மணியிலும் அடிப்பார்கள், லைன் முழுக்கக் கேட்கும். மற்ற மணிகளின் தலையும் வாலும் தெரியாத பெண்களுக்குக்கூட அது தெரியும். கேட்ட மாத்திரத்தில் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். ஒருமுறை நான் விளையாட்டாகக் குடத்தின்மேல் அதைத் தட்டப்போனேன். ஆறாவது தட்டில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. பிடித்தபடியே இருந்தார்.

"இது மட்டும் வாணாம்மா. வெளையாட்டுக்குக்கூட வாணாம், சொல்ட்டேன்" என்றார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்திருந்தது. துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பங்களா வராந்தாக்களில் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பீங்கான், புத்தகம், கடிகாரம் எல்லாம் வைக்கோல் வைத்து அந்தப் பெட்டிகளில்தான் கப்பலுக்குப் போகும். மேட்டுப் பங்களாவில் ஓர் உதவி மேனேஜர் துரை இருந்தார். அவருடைய மகன் இங்கேயே பிறந்து, நம் லைன் ஆயா ஒருத்தியின் இடுப்பிலேயே வளர்ந்து, பன்னிரண்டு வயதில் சீமைக்குப் படிக்கப் போனவர். இருபது வயதில், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் ஒரு கிட்டாரோடு திரும்பி வந்தார். பெற்றோருக்குச் சாமான் கட்ட உதவி செய்ய வந்திருப்பதாகப் பேச்சு. அவர் ஒரு சாமான் கட்டியதையும் யாரும் பார்க்கவில்லை. அவரை நாம் சின்னத் துரை என்போம்.

அம்மா வளர்த்த கோழிகளின் முட்டை அந்தப் பங்களாவுக்குப் போகும். கொண்டுபோவது நான். ஒருநாள் சமையற்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. பழக்கதோஷத்தில் பக்கத்துத் தகரச் சுவரில் மூன்று தட்டினேன். உள்ளேயிருந்து யாரோ கிட்டாரில் மூன்று தட்டினார்கள். நான் இரண்டு தட்டினேன். இரண்டு வந்தது. நான் ஒன்று தட்டினேன். சத்தம் நின்றுவிட்டது.

"யாரு அது?" என்று குரல் கேட்டது.

"முட்டைங்க" என்றேன்.

"முட்டயா இப்டித் தட்டுது? இன்னா கோழி போட்டுச்சி அத?" என்று கேட்டுக்கொண்டே சின்னத் துரை கதவைத் திறந்தார்.

அவர் பேசியது ஆயாவிடம் கற்ற நம் லைன் தமிழ். அந்த வெள்ளை மூஞ்சியிலிருந்து 'இன்னா' என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முட்டைக்கூடையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தேன், அவ்வளவு புத்தி இருந்தது.

அவர்தான் ஸ்கிஃபிள் என்ற வார்த்தையை எனக்குச் சொன்னவர். "சீமயில இப்போ பசங்க எல்லாம் இதத்தான் பாட்றாங்க. வாத்தியம் வாங்கத் தேவ இல்ல. வூட்ல இன்னா கீதோ அதான் வாத்தியம்" என்றார். கிட்டார் ஒன்று இருந்தால் போதுமாம். தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு கழியை நிறுத்தி, கழி நுனிக்கும் பெட்டிக்கும் கயிறு கட்டி இழுத்துச் சுண்டினால் அடித்தொண்டைச் சத்தம் வந்துவிடும். துணியைத் தேய்த்துத் துவைக்கிற வரிவரியான பலகை ஒன்று வேண்டும், அதை விரலால் கீறினால் தாளம்.

"அந்தப் பலக இங்க கெடைக்குமா?" என்று பட்லரிடம் கேட்டார்.

பட்லர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் சபைக்காரர். "இங்க கல்லுல தொவைக்கறாங்க, துரை. கல்லத்தான் தூக்கினு வரணும்" என்றார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கல்லுக்குப் பதிலாகக் கூரைத் தகரம் வந்தது. எங்கள் கோழிக்கூண்டுக்கு வாங்கியதில் மிச்சமான நெளிநெளித் தகரத்தில் இரண்டு சிலேட்டு அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை மடக்கி, கழுத்தில் மாட்டக் கயிறு கட்டிக்கொடுத்தார் பட்லர். ராபர்ட்சன்பேட்டைத் தையற்காரர் ஒருவர் ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்கிற குப்பிகள் எட்டு கொடுத்தார். என் விரலுக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே துணி சுற்றிக்கொண்டேன். பூதிகோட்டையிலிருந்து காய்கறி கொண்டுவருகிறவரிடம் ஒரு மூங்கில் கழி வாங்கியாயிற்று. தேயிலைப் பெட்டிக்குப் பங்களாவில் பஞ்சமே இல்லை. பெட்டி வாசிக்க ஆள் வேண்டுமே? பட்லர்தான் வாசித்தார். வெள்ளை உடுப்பு, பித்தளைப் பொத்தான், எதையும் கழற்றவில்லை. "இருவது வருசம் துரமாருக்கு சூப்பு ஊத்தினேன். கடசில பொட்டி தட்ட வுட்டாங்க" என்பார். ஆனால் ஒருநாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

அந்த இரண்டு மாதங்களை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவேன். பின்பக்க வராந்தாவில் மூன்று பேரும் உட்காருவோம். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருக்கும். மூடுபனி இறங்கினால் எதிரே, சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடு பாதி மறைந்துவிடும், அதன் உச்சி மட்டும் எதிலும் ஒட்டாமல் நிற்கும். பங்களாவுக்குள் வாரம் ஒரு சாமானாகக் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வாரம் அலமாரி, அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜை. சுவரில் படம் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரியும். சாமான் குறையக் குறைய எங்கள் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில், நான் ஒரு விரலால் தகரத்தைக் கீறினால் அது நாலு அறைக்குள்ளும் போய்ச் சுற்றிவிட்டு வராந்தாவுக்குத் திரும்பிவரும். நான் அதற்காகக் காத்திருந்து அடுத்ததைக் கீறுவேன். இன்றைக்கும் மழைநாள் பகலில் கண்ணயர்ந்தால் அந்தச் சத்தம் திரும்பி வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை, என் கல்யாணத்தன்றுகூட.

சின்னத் துரை அங்கே உட்கார்ந்துதான் பாட்டுக் கட்டினார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று என்னைப் பார்த்து, "உங்க வூட்டு சோத்துத் தட்டு போடு" என்பார். நான் இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று என்று போடுவேன். அதன்மேல் அவர் ஒரு வரி பாடுவார். கேஜில் இறங்குகிறவனைப் பற்றி ஒரு பாட்டு. அவன் கீழே போகப்போக மேலே தெரிகிற வெளிச்சம் காசளவு, பொட்டளவு, கடுகளவு ஆகிறது என்று பாடுவதாகப் பட்லர் எனக்குத் தமிழில் சொன்னார். அவருடைய அப்பாவான உதவி மேனேஜர் துரை அவரை ஏதோ கம்பெனி ஆபீஸில் உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரோ லண்டனுக்குப் போய்ப் பாட்டுக்காரனாகத்தான் ஆவேன் என்று நின்றார்.

ஒருநாள், "இன்னும் எதனா தட்டு கீதா, எல்லாம் சொல்ட்டியா?" என்று கேட்டார்.

"ஒண்ணு கீது. தட்டக் கூடாது. அப்பா சொல்லிகீறாரு."

"அப்போ வாணாம்" என்றார் உடனே.

அவர் வற்புறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. வேண்டாம் என்றதால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் முழங்காலிலேயே சத்தமில்லாமல் மும்மூன்றாகத் தட்டிக் காட்டினேன். எதற்கு அடிப்பார்கள் என்பதையும் சொன்னேன். அவர் கிட்டாரை மடியில் படுக்கவைத்துவிட்டு என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாதான் கீது. ஆனா உங்கப்பா சொன்னா சொன்னதுதான், இன்னா?" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அறுப்பின் பண்டிகைக்கு எங்களை வாசிக்கக் கூப்பிட்டது சபைப் பெண்கள் சங்கம். உங்களுக்கு அந்த ஹால் ஞாபகம் இருக்கும். காணிக்கையாக வந்த கரும்புக் கட்டு, பூசணிக்காய், நெல்லு மூட்டை, காலைக் கட்டிப்போட்ட சேவல்கள், ஏலம் போடுகிறவரின் கத்தல். ஏலம் முடிந்து சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஆண்களில் பாதிப் பேர் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கீழே போயிருந்தார்கள். அப்பாவும் எஞ்சின் ரூமில். ஹாலில் பெண்கள், பிள்ளைகள். முதல் வரிசையில் அம்மாவும், அப்பாவின் தங்கையான என் அத்தையும். அத்தை அப்போது மைனிங் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மேடையேறியதும் ஹால் சிரித்தது. பட்லர் பெட்டியோடு நிற்கிறார், வைண்டர் டிரைவர் மகள் கழுத்தில் கோழிக்கூண்டுத் தகரம் தொங்குகிறது, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? முதல் பாட்டு முழுக்கச் சிரித்தார்கள். இரண்டாவது பாட்டில் சிரிப்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள், அது அதைவிடக் கேவலமாக இருந்தது. பூசணிக்காயைப் பங்கு பிரித்தார்கள். மூன்றாவதாகக் கேஜ் பாட்டு. அதன் நடுவில் அவர் கிட்டாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைப்பார், நான் தனியாக வாசிக்க வேண்டும். வாசித்தேன். இரண்டு போட்டேன், மூன்று போட்டேன், பழகியதை எல்லாம் போட்டேன். ஒருத்தரும் திரும்பவில்லை. அம்மாகூடப் பின்னால் திரும்பி யாருடனோ சேவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவர்கள் கேட்டே ஆகவேண்டும் என்று நினைத்தேன். எதைத் தட்டினால் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எட்டு விரலாலும் ஓங்கி மும்மூன்றாகத் தட்டினேன்.

பட்லருக்குக் கை பழகியிருந்தது. நான் போட்டதை எடுத்துப் பெட்டியில் போடுவதுதான் அவர் வேலை. யோசிக்காமல் அந்த ஒன்பதையும் பெட்டியில் போட்டார். தகரமும் பெட்டியும் சேர்ந்து அந்த ஹாலில் பெரிய மணியாகவே கேட்டது. சின்னத் துரை பாய்ந்து வந்து தகரத்தின்மேல் குனிந்து இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். பின்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது கண்டது அதைத்தான், தகரத்தின்மேல் குனிந்த வெள்ளைக்காரரை.

யாரும் கத்தவில்லை. நாற்காலிகள் விழுந்தன. ஒரு பூசணிக்காய் உருண்டு படியில் இறங்கிப் போனது. அம்மா செருப்பில்லாமல் ஓடினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் மேடையில் நின்று, "சும்மா, சும்மா தட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

எஞ்சின் ரூம் ஜன்னல் வழியே அப்பா பெண்கள் ஓடிவருவதைப் பார்த்திருக்கிறார். விபத்து மணி அடித்து, தன் காதில்தான் விழாமல் போயிற்று என்று நினைத்தார். அந்த நேரம் ஆட்களோடு ஒரு கேஜ் மேலே வந்துகொண்டிருந்தது. அப்பா அதை நடு ஷாஃப்டில் நிறுத்திவிட்டார். கீழே ஒவ்வொரு லெவலாகக் கேட்டு, எங்கும் ஒன்றும் இல்லை என்று உறுதியாகி, மறுபடி ஏற்ற இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை பத்துப் பதினைந்து பேர் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் அதில் இருந்த எங்களுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த, சுரங்கத்துக்குள் மரமுட்டு நிறுத்துகிற மரவேலைக்காரர் அதற்குப் பிறகு சுரங்கத்தில் இறங்கவே இல்லை. கேஜ் வாசல் வரை போவார், வேர்த்துக் கொட்டும், திரும்பிவிடுவார். அவர் பிள்ளைகள் இதைப் படிக்கலாம். அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் விசாரணை. நான் வீட்டில் வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். எந்த நேரமும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ஷாஃப்ட் பக்கம் சுற்றும்போது அந்த மணியைத் தானே கற்றுக்கொண்டதாகவும், விளையாட்டாகத் தானே தட்டியதாகவும் சின்னத் துரை எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து சொல்லிவிட்டார், பட்லரும் அதை மறுக்கவில்லை என்று அம்மா வந்து சொன்னாள். ஒரு வாரத்தில் அவரைச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். கார் லைனைத் தாண்டும்போது மண்ணாங்கட்டி எறிந்தவர்களில் உங்களில் நாலு பேர் இருந்தீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். நானும் எறிந்தேன். எறியாவிட்டால் சந்தேகப்படுவீர்களே என்று எறிந்தேன். பின் கண்ணாடியில் பட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா அந்தத் தகரத்தைக் கோழிக்கூண்டின் மேல் ஆணி வைத்து அடித்தார். "தட்றது, பாட்றது எல்லாம் இனிமே இந்த வூட்ல கெடையாது" என்றார். ஞாயிறு பள்ளி டீச்சர் வீட்டுக்கே வந்து, பாடகர் குழுவுக்கு என்னைக் கேட்டார், ஆர்மோனியம் சொல்லித்தருகிறேன் என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பாட்டிலும் தட்டு நின்றுபோனது. "சோறு" என்பார், "போதும்" என்பார். அந்த இரண்டு வார்த்தையும் அவர் வாயில் அந்நியமாகக் கேட்கும். கதை எப்போது எழுந்தாலும் சின்னத் துரையை முதலில் திட்டுகிறவர் அப்பாதான். சாகும் வரை திட்டினார். நான் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் திறந்திருக்கிறேன். என் மகளே என்னைத் தலைகுனிய வைத்தாள் என்று அவர் நினைக்கக்கூடாதே என்று மூடிக்கொள்வேன். இந்த உண்மையிலிருந்து அவரைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

பட்லருக்கு மட்டும் சில வருஷம் கடிதம் வந்துகொண்டிருந்தது. லண்டனில் காபிக் கடைகளுக்கு அடியில் இருக்கிற சின்னச் சின்ன அறைகளில் பாடுகிறாராம். ஒரு ரெக்கார்டு வந்திருக்கிறதாம். பத்திரிகைத் துணுக்கு ஒன்றும் வந்தது. அதில் அவர் பக்கத்தில் யாரோ ஒரு பையன் உண்மையான துவைக்கிற பலகையை மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை. பிறகு பட்லர் போனார், கடிதமும் போயிற்று.

மிச்சத்தைப் போன மாசம்தான் தெரிந்துகொண்டேன். தினமும் ரயிலில் பெங்களூர் போய்வருகிற என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தேடிக் கண்டுபிடித்தான். இந்தியத் தங்கச் சுரங்கத்தில் பிறந்த பாடகர் என்று எழுதியிருந்தார்களாம். அந்த ஸ்கிஃபிள் மோகம் இரண்டு மூன்று வருஷம்தான் ஓடியதாம். கரண்டு கிட்டார் வந்ததும் தேயிலைப் பெட்டியெல்லாம் தெருவுக்குப் போய்விட்டது. அவர் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்தார். அதில் ஒன்றிரண்டு அந்த ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கியதாம், எழுதியவர் யாரென்று பலருக்குத் தெரியாமலே. வயதான பிறகு சின்ன ஹால்களில் மறுபடி பழைய கிட்டாரோடு பாடப் போயிருக்கிறார். சில வருஷங்களுக்கு முன்னால் இறந்துவிட்டார்.

கேஜ் பாட்டைப் போட்டுக் காட்டினான். குரல் இளமையாக, நம் வராந்தாவில் கேட்ட அதே குரலாக இருந்தது. வெளிச்சம் காசளவு, பொட்டளவு, கடுகளவு ஆகிறது. நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது. போன் கெட்டுவிட்டதோ என்று மகனைப் பார்த்தேன். "இல்லம்மா, இதுல இப்டிதான் கீது. மேடையில பாடும்போதும் இந்த இடத்துல யாரயும் வாசிக்க வுடமாட்டாராம். ஏன்னு யாருக்கும் தெரியலன்னு எழுதிகீறாங்க" என்றான். என்னைக் குத்திக்காட்டத்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்பா இல்லை, அம்மா இல்லை. அன்றைக்கு முதல் வரிசையில் இருந்தவர்களில் அத்தை மட்டும் ராபர்ட்சன்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருக்கிறாள். எண்பத்தாறு வயது. காது நன்றாகக் கேட்கும். மறுநாளே போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் நான் சொன்னேன்.

"அத்தே, அன்னிக்கி அதத் தட்னது அவரு இல்ல. நான்."

"தெரியும்" என்றாள் அத்தை. "மொத வரிசயில ஒக்காந்துகினு இருந்தேன். எனக்குக் கண்ணு இல்லியா?"

"அப்பாவுக்கு?" என்றேன்.

"அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். ஷிஃப்டு முடிஞ்சி வந்ததும் சொல்ட்டேன். காலையில விசாரணைக்கு முன்னாடி என்னியும் இட்டுகினு பங்களாவுக்குப் போச்சி. இங்கிலீசு பேச ஆளு வேணும்னு இட்டுகினு போச்சி. அந்தப் புள்ள தமிழ்லயே பேசுனாரு. அண்ணன் கையக் கூப்பி நின்னுச்சி. நீங்க எப்டியும் போறவங்க, அவ இங்கியே இருக்கப்பட்டவ, தெரிஞ்சா இந்த லைன் பொம்பளைங்க அவள ஆயுசுக்கும் உடமாட்டாங்க, நீங்க செஞ்சதா சொல்லிடுங்கன்னு கேட்டுச்சி."

அப்பா கை கூப்பி நின்று நான் பார்த்ததே இல்லை. துரைமார் முன்னால்கூட அவர் தொப்பியை எடுப்பதோடு சரி.

"அவரு இன்னா சொன்னாரு?"

"சரின்ட்டாரு. யோசிக்கவே இல்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு." அத்தை பக்கத்திலிருந்த செம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "அவள நிறுத்திடாதீங்க, வாசிக்க வுடுங்க. அவ கை மாதிரி கை நான் லண்டன்லயும் பாக்கலன்னாரு. அண்ணன் அவரு கையில அடிச்சி சத்தியம் பண்ணிக் குடுத்துச்சி. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் அத்தே?"

"பண்ணும்போது நெசமாதான் பண்ணுச்சி. வூட்டுக்கு வந்து அந்தத் தகரத்தப் பாத்ததும் அண்ணனால முடியல. நான் ரெண்டு தரம் கேட்டேன். அந்த சத்தம் இந்த வூட்ல கேட்டா என்னால வைண்டர்ல ஒக்கார முடியாதுன்னுச்சி. ஆளுங்க உசுரு என் கையில கீதுன்னுச்சி. அப்பால நான் கேக்கல."

அப்பாவைப் புரிந்துகொள்ள முடிகிறது. அவர் கையை நம்பித்தான் உங்கள் அப்பாக்களும் மேலே வந்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அவ்வளவு வருஷம் ஒரு நல்லவரைத் திட்டினார் என்பதும் புரிகிறது. அவர் எனக்குத் தெரியாதென்று நினைத்து மறைத்தார், நான் அவருக்குத் தெரியாதென்று நினைத்து மறைத்தேன், ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே கூரைக்கடியில் இருந்தோம். புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. எழுபத்தெட்டு வயதில், செத்துப்போன அப்பாவின்மேல் பத்து வயதுப் பெண் மாதிரி கோபம் வருகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கண்ணில் தூசு என்றேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி எங்காவது கூடினால் கதையை மாற்றிச் சொல்லுங்கள். தட்டியது வைண்டர் டிரைவர் மகள் என்று சொல்லுங்கள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அந்த மனிதர் பழியை வாங்கிக்கொண்டு போனார் என்றும், அதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று கேட்டார் என்றும், அதைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை என்றும் சொல்லுங்கள்.